திங்கட்கிழமைக் கையெழுத்து

சொந்த நாட்டில் பன்னிரண்டு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள் என்பதால், அகதி விடுதியில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். இங்கே வந்து நான்கு வருடமாகிறது. வேலை பார்க்க அனுமதி இல்லை. நாற்பது அறைகளுக்கு இரண்டே அடுப்பு. புகலிடம் கேட்டுப் போட்ட மனு இரண்டாவது தடவையும் தள்ளுபடியானதும் அவள் கணவர் படுத்த படுக்கையாகிவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் விட்டுப்போயிற்று.

திங்கட்கிழமைதோறும் மட்டும் அவரை எழுப்பிக் கூட்டிப்போய், இருவரும் குடியேற்ற அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி உள்ளே போன சிலர் திரும்பி வந்ததில்லை. பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றித் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சொந்த நாட்டுக்கே விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையே டீச்சர் இருவருக்கும் மாற்றுத்துணியைப் பையில் எடுத்து வைத்துவிடுவாள்.

தெருமுனை பேக்கரியில் மாவு பிசையும் அக்கா இந்த ஊர்க்காரி. மாதம் ஒருமுறை பழந்துணி மூட்டையோடு விடுதிக்கு வருவாள். ஒருநாள் டீச்சர் வெடித்துவிட்டாள்.

"துணி போதும்கா! முடிஞ்சா திங்கட்கிழமை எங்ககூட வாங்க. நாங்க உள்ள போறதை யாராச்சும் ஒருத்தர் பார்த்திருக்கணும்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. மூட்டையை வைத்துவிட்டுப் போனாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று டீச்சர் தலையிலடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அலுவலக வாசலில், முழங்கைவரை மாவு ஒட்டிய கையோடு அக்கா நின்றிருந்தாள்.

"ராத்திரி வேலை முடிஞ்சு நேரா வர்றேன். நின்னுக்கிட்டே தூங்கிட்டா எழுப்பி விடு டீச்சர்."

அதன்பின் ஒரு வாரம்கூட அவள் தவறவில்லை. ஏழாவது வாரம் டீச்சர் மட்டும் தனியாக வெளியே வந்தாள்.

"அவரை விடலக்கா..."

அக்கா ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. பின்வாசலுக்கு ஓடி, கிளம்பிய வண்டியின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். முதலில் டீச்சரின் மனுவைப் பார்க்கும் வக்கீலுக்குப் போன் போட்டாள், அப்புறம் பேக்கரிக்கு.

"அடுப்பை அணைச்சுட்டு எல்லாரும் தடுப்பு முகாமுக்கு வாங்க."

மதியத்துக்குள் முகாம் வாசலில் பேக்கரி ஆட்கள் ஒன்பது பேர் கூடிவிட்டார்கள்.

"நீங்கல்லாம் அவருக்கு என்ன வேணும்?" என்று காவலர் அதட்டினார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க," என்றாள் அக்கா.

அன்றைக்கு அவரை விடவில்லை. வக்கீல் நாயாய் அலைந்து தடை உத்தரவு வாங்கியதால் விமானத்தில் ஏற்றாமல் நிறுத்தினார்கள். பத்தொன்பது நாள் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார். புதிதாகப் போட்ட மூன்றாவது மனுவுக்கு என்ன முடிவு வரும் என்பது வக்கீலுக்கே தெரியாது. அடுப்பை அணைத்ததற்காக பேக்கரி முதலாளி அக்காவின் வேலையைப் பாதி நாளாகக் குறைத்துவிட்டார்.

விடுதிக்குப் பார்க்க வந்த அக்காவிடம், சுவரைப் பார்த்தபடியே கணவர் கேட்டார்.

"எதுக்கும்மா என்னை மீட்டீங்க? தினம் தினம் பயந்து சாகறதுக்கு, ஒரேயடியா அனுப்பியிருந்தா தேவலையே."

டீச்சர் பதறிப்போய் அக்காவைப் பார்த்தாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலைக்குப் போகும் நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.