வறண்ட காலம் என்றார்கள்

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். நுரையீரல் எப்படி விரிந்து சுருங்குகிறது என்பதை ஒரு பலூனையும் அடி வெட்டிய பாட்டிலையும் வைத்து வருடா வருடம் எட்டாம் வகுப்புக்குச் செய்து காட்டுவேன். அப்படிப்பட்டவள், பத்துப் பதினைந்து வருடமாக விடாமல் எடுத்துவந்த ஆஸ்துமா இன்ஹேலரை, முகம் தெரியாத ஒருத்தியின் பேச்சைக் கேட்டு நிறுத்தினேன். இப்போது நினைத்தாலும் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்று கேட்டால் நாலு பேரைச் சொல்வேன். முதல் ஆள் நான்தான்.

எங்கள் வீடு வரிச்சிக்குடியில். பள்ளிக்கூடம் காரைக்கால் டவுனுக்குள். தினமும் பஸ். சென்ற வருடம் புரட்டாசியில் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நான் வகுப்பில் நின்றேன், காலாண்டுத் தேர்வுத் தாள் கட்டு மேசையில் காத்திருந்தது. அதற்குப் பிறகு இழுப்பு அடிக்கடி வந்தது. கரும்பலகையில் நாலு வரி எழுதினால் மூச்சு வாங்கும். கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தால் பின்பெஞ்சில் யாராவது அந்த 'புஸ்' சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். அதனால் கழிவறைக்குப் போய் எடுத்துக்கொண்டு வருவேன்.

இன்ஹேலரை வீட்டில் பம்பு என்போம். வீட்டுக்காரர் தினமும் காலையில் ஒரே கேள்விதான் கேட்பார். "பம்பு எடுத்துக்கிட்டியா?" எடுத்துக்கொண்டேன் என்பேன். அத்தோடு அந்த நாளைக்கு என் உடம்பைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும்.

அப்பாவின் முதல் தெவசத்துக்குத் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தான். அங்கே கப்பல் பட்டறையில் வேலை. ஒருமுறை கழுத்து பிடித்துக்கொண்டு திரும்ப முடியாமல் கிடந்தவனை, ஒரு சீன மருத்துவக் கடையில் இருக்கும் வயதான அம்மாள் ஊசி குத்தியே சரிசெய்துவிட்டாராம். அன்றிலிருந்து அவனுக்குச் சீன வைத்தியத்தின் மேல் பெரிய நம்பிக்கை. பெட்டியைத் திறந்து எனக்காக வாங்கிவந்ததை எடுத்து வைத்தான். காய்ந்த வெள்ளைக் காளான், சாமந்திப் பூ, இருமலுக்குக் கறுப்பாக ஒரு பாகு. அக்கா அக்கா என்று பாசமாகத்தான் கொடுத்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு என் போனை வாங்கி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டான். சீன மருத்துவ முறைப்படி இலையுதிர் காலத்தில் உடம்பைக் காப்பது எப்படி என்று தமிழில் சொல்லிக்கொடுக்கும் குழு. அவனுக்கும் அதை நடத்துகிறவர்களைத் தெரியாது. கூட வேலை செய்கிற யாரோ அனுப்பிய இணைப்பு.

அங்கே ஆலோசகர் என்று ஒரு பெண். குரல் மட்டும்தான், தேன் மாதிரியான குரல். இது வறண்ட காலம், காற்று வறளும், தோல் வறளும், நுரையீரலும் வறளும், அதை ஈரமாக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்துச் சாப்பிட வேண்டும். வெள்ளைக் காளானைக் கூழாகக் கரைய விட்டுக் குடிக்க வேண்டும். சேவல் கூவும்போது எழ வேண்டும். கழுத்தைத் துணியால் மூட வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையைத் தினமும் அழுத்திவிட வேண்டும்.

நான் இதையெல்லாம் வரி தவறாமல் செய்தேன். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருந்தது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை பூத்திருந்தது. இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நுரையீரலை ஈரமாக்க நான் பேரிக்காய் வேகவைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்காலம், மழையும் வாடையுமான காலம் என்று பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் நடத்துவது சுவரைத் தாண்டி என் காதில் விழும். விழுந்து என்ன செய்ய?

ஏன் கேட்டேன் என்றால், அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். நுரையீரல்தான் துக்கம் தங்குகிற இடம், போன வருடம் நீங்கள் யாரை இழந்தீர்கள் என்று கேட்டாள். ஒரு வருடமாக என்னிடம் யாருமே அதைக் கேட்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே ஒரு கையால் அப்பாவைப் பற்றி நீளமாக எழுதி அனுப்பினேன். கண்ணீர் வந்தது. யாரோ ஒருவர் எழுந்ததும், பக்கத்தில் நின்ற அம்மாள் அந்த இடத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அடுத்த வாரம் அந்தக் குரல் எனக்கென்று தனியாக வந்தது. பம்பு உள்ளே போகப் போக நுரையீரல் இன்னும் வறளும், இந்தக் காலத்தில் மெல்ல விட்டுப் பாருங்கள் என்றது. அறிவியல் டீச்சருக்கு இது பொய் என்று தெரியாதா? தெரியும். ஆனால் கழிவறைக்குள் ஒளிந்து நின்று மூச்சு விடுகிறவளுக்கு அது வேண்டியிருந்தது. அன்றோடு நிறுத்தினேன். காலையில் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது எடுத்துக்கொண்டேன் என்றேன். அதற்குப் பிறகு தினமும் அதே பொய். முதலில் ஒன்றும் ஆகவில்லை. அதுவரை எடுத்த மருந்தின் பலன் உடம்பில் கொஞ்ச நாள் நிற்கும் என்பதை மறந்து, குணமாகிவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை. தீபாவளி வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தம்பி லீவை நீட்டியிருந்தான். மழைக்காக ஜன்னல்களைச் சாத்திவிட்டு நான் பரணில் ஏறி ஒட்டடை அடித்தேன். கால் மணி நேரம்கூட இருக்காது. நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்குவது போல இருந்தது. இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. பேச முடியவில்லை. வீட்டுக்காரர் என் கைப்பையைக் கொட்டித் தேடினார். பம்பு இல்லை. அலமாரி, மேசை, டிராயர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார். துணிகளுக்கு அடியில் கிடந்ததை எடுத்து அழுத்தினால் காலி. நிறுத்தியதிலிருந்து நான் புதிது வாங்கவே இல்லை.

தம்பி ஓடிவந்து ஒரு கரண்டி பாகை என் வாயருகே நீட்டினான். நான் தட்டிவிட்டேன். பிறகு என் கையைப் பிடித்துக் கட்டை விரலை ஒட்டிய சதையை அழுத்திக்கொண்டே அழுதான். "அக்கா, கொஞ்சம் பொறுத்துக்கக்கா, இந்தா சரியாயிடும்." கையை உதறினேன். எனக்குக் காற்று வேண்டியிருந்தது, இவன் என் விரலைப் பிசைந்துகொண்டிருந்தான். சாகப்போகிறோம் என்ற பயத்தைவிட அந்த நேரத்தில் கோபம்தான் பெரிதாக இருந்தது.

பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டு வாங்கித் தம்பியே ஓட்டினான். காரைக்கால் போகிற வழியெல்லாம் தண்ணீர். மருத்துவமனையில் முகமூடி மாட்டி நெபுலைசர் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். பணியில் இருந்த டாக்டர் எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண். தினம் எடுக்கும் பம்பை எப்போது நிறுத்தினேன் என்று கேட்டார்.

"அவ நிறுத்தலங்க, தினமும் எடுத்துக்கறா. நாந்தான் காலையில கேட்டு அனுப்பறேன்" என்றார் வீட்டுக்காரர்.

முகமூடிக்குள் இருந்தபடி நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் அங்கே வைத்திருந்தார்கள். மறுநாள் மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த அவர், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். சத்தம் போடாமல்தான் கேட்டார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நீங்க பம்பப் பத்திதான் கேட்டீங்க. அப்பா போனதுலேர்ந்து நான் எப்படி இருக்கேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? ஊரு பேரு தெரியாத ஒருத்தி கேட்டா. அதான் அவ சொன்னதக் கேட்டேன்."

கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் திருகித் திறந்து டம்ளரில் ஊற்றினார். "எனக்கு அத எப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்றார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கஞ்சியைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஆலோசகரைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அதே தேன் குரலில், நடுவில் தயிர் சாப்பிட்டீர்களா, குளிர்ந்த தண்ணீர் குடித்தீர்களா என்று விசாரித்தாள். இல்லை என்றேன். "அப்ப நீங்க துக்கத்த விடலம்மா. நீங்க பிடிச்சு வச்சிருந்தா நாங்க என்ன பண்ண முடியும்?" என்றாள்.

நான் நம்பிக் கொடுத்த என் அப்பாவையே எடுத்து என் மேல் எறிந்தாள். திட்ட வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. போனை வைத்துவிட்டு, நடந்ததை முழுக்கக் குழுவில் எழுதினேன், யாரும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று முடித்தேன். சில நிமிடத்தில் அந்தப் பதிவு காணாமல் போனது. நானும் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தேன்.

தம்பியோடு தீபாவளி வரைக்கும் நான் சரியாகப் பேசவில்லை. பம்பை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவே இல்லையே என்று அவன் ஒரு தடவை ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திவிட்டான். திரும்பிப் போனவன் முதல் வேலையாக அந்தக் கடை அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அன்று சாயங்காலம் கூப்பிட்டான்.

"அந்தம்மா என்னையப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்கக்கா. ஆளப் பாக்காம, நாடி பாக்காம எவன்டா சொன்னான்னு கேட்டாங்க. மழ பேயிற ஊருக்கு எதுக்குடா பேரிக்காயின்னாங்க. ஆஸ்பத்திரி மருந்த நிறுத்தச் சொல்றவன் வைத்தியனே இல்லையாம்."

"மன்னிச்சுக்கக்கா" என்று அழுதான். சரி, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவ்வளவுதான் அன்றைக்கு என்னால் முடிந்தது. பார்க்காத ஊருக்கும் பார்க்காத உடம்புக்கும் மருந்து சொல்லக்கூடாது என்பது அந்த வைத்தியத்திலேயே இருக்கிறது. அதைத்தான் இந்தக் குழுக்காரர்கள் விழுங்கிவிட்டார்கள்.

இப்போது வகுப்பிலேயே, பிள்ளைகள் முன்னாலேயே பம்பை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாரம் சிரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். வீட்டில் அவர் காலையில் பம்பைக் கேட்ட பிறகு ஒரு நிமிடம் நிற்கிறார். ராத்திரி தூங்கினாயா என்று கேட்கிறார். ஒருமுறை, இன்று உங்கள் அப்பா ஞாபகம் வந்தது என்றார்.

சென்ற மாதம் ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் தன் போனைக் காட்டினார். அதே குரல், இந்த முறை குளிர்காலத்தில் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அதுவரை பள்ளியில் நான் யாரிடமும் நடந்ததைச் சொல்லவில்லை, காய்ச்சல் என்றுதான் லீவு எழுதியிருந்தேன். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி முதலிலிருந்து சொன்னேன். பொய் சொன்னதையும் விடவில்லை.

"நீங்களா டீச்சர்? சயின்ஸ் எடுக்கற நீங்களா?" என்றார் கணக்கு டீச்சர்.

"ஆமா, நான்தான்" என்றேன். முகம் சுட்டது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கணக்கு டீச்சர் போனைக் கையில் எடுத்து, அந்தக் குழுவிலிருந்து வெளியேறுவது எப்படி என்று என்னிடம் கேட்டார்.