காவடிப்புழுவுக்கு ஒரு வரிசை

கமலவேணி புழுக்களுக்குப் பேர் வைத்துத்தான் திட்டுவாள். முதுகை வளைத்து வளைத்து நடக்கிற பச்சைக் காவடிப்புழு அவளுடைய கும்பகோணத்துச் சித்தப்பா. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மூன்றாம் பந்தியிலும் புதிதாக வந்தவர் போல உட்காரும் மனிதர் அவர். இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே படுத்திருக்கும் புழு, வேலை நேரத்தில் மட்டும் தலைவலி வந்துவிடும் நாத்தனார். உடம்பெல்லாம் முடியாக ஊர்ந்து வரும் கம்பளிப்புழுவுக்கு அவள் புருஷன் மணிமாறன் பேரையே வைத்திருந்தாள். அவர் அரியலூரிலிருந்து சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். போனால் போன இடம், திரும்பி வரும்போது முகமெல்லாம் தாடி.

கமலவேணி பிறந்தது எறையூர்ப் பக்கம். கல்யாணமாகி சிறுவாச்சூருக்கு மேற்கே இந்த ஊருக்கு வந்தபோது, இங்கே எல்லோரும் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். அவளும் போட்டாள். படைப்புழு வந்து குருத்துக்குள் குடியேறியது. குருத்தில் மணலைப் போடு என்றார்கள். செடி செடியாகக் குனிந்து மணல் போட்டாள். புழு மணலை ஒதுக்கிவிட்டுத் தின்றது. மருந்துக் கடையில் கொடுத்ததை எல்லாம் வாங்கி அடித்தாள். அவளுக்குத் தலை சுற்றியது, புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷம் அறுத்த கதிரைப் பார்த்துவிட்டு, இனி இந்தக் கால் ஏக்கரில் என்ன போடுவது என்பதைத் தானே முடிவு செய்வதென்று சொல்லிவிட்டாள். மணிமாறன் போனில் ‘சரி’ என்றார். லாரிச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ தெரியாது.

அவள் போட்டது புளிச்சக்கீரை. கோயில் நடை திறக்கிற திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூரில் விற்பாள், மற்ற நாட்களில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில். லப்பைக்குடிக்காட்டிலிருந்து அல்தாப் என்கிற பையன் லீவில் ஊருக்கு வந்தால் மோட்டார் சைக்கிளில் வந்து சாக்குச் சாக்காக வாங்கிப் போவான். துபாயில் வேலை. லீவு முடிந்து போகும்போதெல்லாம் அவன் அம்மா மர்ஜியா பெரிய டப்பாவில் புளிச்சக்கீரைத் தொக்கு செய்து கொடுத்தனுப்புவார். அங்கே அவன் ரூமில் இருக்கும் ஆறு பேரும் அவன் முகத்தைவிட அந்த டப்பாவைத்தான் எதிர்பார்ப்பார்களாம்.

கீரைக்கும் புழு வந்தது. இந்த முறை அவள் கடைக்குப் போகவில்லை. வேப்பிலை, நொச்சி, எருக்கு, ஆடாதொடை, இன்னும் கையில் கிடைத்த ஒரு கசப்புத் தழை, எல்லாவற்றையும் இடித்துக் கோமியத்தில் ஊறப்போட்டாள். ஊறி நாறியதும் வடிகட்டி, இலையில் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் சோப்பைக் கரைத்து அடித்தாள். ஆனால் ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டாள். பம்புசெட்டை ஒட்டிய கடைசி வரிசையில் ஒரு சொட்டு மருந்து விழாது. மற்ற செடிகளில் பொறுக்கிய புழுக்களையும் கொட்டாங்கச்சியில் கொண்டுபோய் அங்கேதான் விடுவாள். கூப்பிடாமல் வந்த சொந்தக்காரனை விரட்டினால் வாசலில் நின்று சத்தம் போடுவான், தனியாக ஒரு பந்தி போட்டு உட்கார வைத்தால் இருக்கிற இடம் தெரியாமல் சாப்பிடுவான் என்பது அவள் கணக்கு. வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் அந்த வரிசைக்குக் கோழிகளை அவிழ்த்து விடுவாள். விருந்துக்கு வந்தவர்களையே விருந்தாக்குவதில் அவளுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

பக்கத்து வயல் குருமூர்த்திக்கு இதைப் பார்த்தாலே சிரிப்பு.

“புழுவுக்கு மெஸ் நடத்துறியா கமலவேணி?”

“ஆமாண்ணே. வூட்டுல சோறு சரியில்லைன்னா நீங்களும் வாங்க. எடம் இருக்கு.”

குருமூர்த்தி இன்னும் மக்காச்சோளம்தான். இந்த வருஷம் வெளியூரிலிருந்து ட்ரோன் வரவழைத்து மருந்தடித்தார். அதை ஓட்ட வந்த பையன் தன் திரையில் மக்காச்சோளத்துக்கு நடுவே ஒரு சதுரத்தைப் பார்த்தான். நாலு பக்கமும் பழைய சேலைகளால் அடைத்திருந்தது. உள்ளே ஆளுயரச் செடி, விரல் விரலாகப் பிரிந்த இலை. அவன் பட்டணத்துப் பையன். கீரையைக் கட்டாகப் பார்த்திருக்கிறான், செடியாகப் பார்த்ததில்லை. கஞ்சா இலையைச் செய்தியில் பார்த்திருக்கிறான். படம் எடுத்து யாருக்கோ அனுப்பினான். அது ஊர் சுற்றிப் போலீசுக்குப் போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கமலவேணி மருந்தடித்து முடித்துத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜீப் வந்து நின்றது. புதிதாக மாற்றலாகி வந்த எஸ்.ஐ. இறங்கினார், கூடவே ஆண்டவர் என்கிற கான்ஸ்டபிள்.

“இது என்னம்மா?” என்றார் எஸ்.ஐ.

“கீரைங்க சார்.”

“எந்தக் கீரைக்கு அஞ்சு விரல் இருக்கு?”

“புளிச்சக்கீரைக்குங்க சார். மேல எலைக்கு வெரல் இருக்கும், கீழ எலைக்கு இருக்காது.”

பூவைக் காட்டச் சொன்னார். பூக்கவிட்டால் கீரை முற்றிப்போகும், அதனால் நுனியைக் கிள்ளிவிடுவேன் என்றாள். எதற்குச் சேலை கட்டி மறைத்திருக்கிறாய் என்றார். பன்றி வருகிறது என்றாள். உண்மையாகவே பன்றி வரும். ஆனால் போலீஸ்காரர் முன்னால் சொல்லும்போது அவளுக்கே அது பொய் மாதிரி கேட்டது. அப்புறம் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசனை தெரியாமல் இருக்க ஏதோ அடித்திருக்கிறாய் என்றார்.

அந்த நேரம் பார்த்து அல்தாப் மூன்று காலிச் சாக்குகளோடு வண்டியில் வந்தான். ஜீப்பைப் பார்த்தான். ஏன் செய்தோம் என்று அவனுக்கே கடைசிவரை விளங்கவில்லை, வண்டியைத் திருப்பினான். ஆண்டவர் ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கிக் கையோடு கூட்டி வந்தார்.

“வெளிநாட்டுக்குப் போகுதா?” என்றார் எஸ்.ஐ.

“ஆமா சார். தொக்கா போகுது சார். உம்மா செய்வாங்க சார்.”

எஸ்.ஐ. ஆண்டவரைப் பார்த்த பார்வையில் ஒரு பெரிய கூட்டமே பிடிபட்ட திருப்தி இருந்தது.

இதற்குள் ஊர் கூடிவிட்டது. எல்லோரும் இது கீரைதான் என்றார்கள். அப்படியானால் ஊரே சேர்ந்து வளர்க்கிறீர்களா என்று கேட்டதும் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். குருமூர்த்திக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ட்ரோனைக் கூட்டி வந்தது அவர்தானே. முன்னால் வந்து, “கடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடப் போவுதுங்க சார். புளிச்சா கீரை. அவ்வளவுதான்” என்றார்.

கமலவேணி வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் ஆண்டவர் ஒரு கொத்தைப் பறித்து வாயில் போட்டு மென்றுவிட்டார். காலையில் அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை போலிருக்கிறது.

முதலில் அவர் கண்கள் விரிந்தன. பிறகு முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

“புளிக்குதாய்யா?”

“கசக்குது சார்” என்ற ஆண்டவர் வரப்பைத் தாண்டித் துப்பினார். நாக்கை நீட்டிக் கைக்குட்டையால் துடைத்தார். “ஏம்மா, இதுல என்ன இருக்கு? செத்துப்போவேனா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க. நல்லா வாய் கொப்பளிங்க. ரெண்டு நாளைக்கு உங்க பக்கம் புழு வராது.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கமலவேணியைப் பயமுறுத்தியது. கீரை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன குருமூர்த்தியே இப்போது செடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கமலவேணி ஓர் இலையைப் பம்புசெட் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவித் தானே மென்றாள். கசந்தது. சோப்பு அதன் வேலையை ஒழுங்காகப் பார்த்திருந்தது. ஆள் விட்டுப் பிடுங்கி எரிக்கச் சொல்லி எஸ்.ஐ. போனை எடுத்தார்.

பிடுங்கிவிட்டு, சோதித்துப் பார்த்து, அடுத்த மாதம் கீரைதான் என்று காகிதம் கொடுப்பார்கள். காகிதத்தைப் பறித்து விற்க முடியாது. மறுபடி எல்லோரும் சொல்லுவார்கள், பேசாமல் மக்காச்சோளம் போடு என்று. மறுபடி மருந்துக் கடை, மறுபடி தலைசுற்றல். அவளாக முடிவெடுத்தது என்று இந்த வீட்டில் இருக்கிறது இந்தக் கால் ஏக்கர் ஒன்றுதான்.

“சார், ஒரு நிமிஷம் சார்” என்றாள். “மருந்து படாத வரிசை ஒண்ணு இருக்கு.”

“அதை மட்டும் ஏன் விட்ட?”

அவள் தயங்கினாள். “அது புழுவுக்குங்க சார்.”

எஸ்.ஐ. போனைக் காதிலிருந்து எடுத்தார். “எங்க, காட்டு” என்றார்.

எல்லோரும் கடைசி வரிசைக்குப் போனார்கள். புழுக்கள் குறை வைக்காமல் சாப்பிட்டிருந்தன. வெறும் தண்டும் நரம்பும், ஒவ்வொரு காம்பிலும் ஒரு சித்தப்பா. முழு இலை ஒன்றாவது கிடைக்காதா என்று அல்தாப் முழங்காலிட்டுத் தேடினான். குருமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். ஆண்டவர் அடிக்கடி எச்சில் துப்பிக்கொண்டே தேடினார். போலீசும் பொதுமக்களும் வரிசையாகக் குனிந்து இலை தேடுவதைப் பார்த்து, ரோட்டில் போன டவுன் பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது.

கடைசிச் செடியில் அல்தாப் கண்டுபிடித்தான். பாதி இலை. மறு பாதியைக் கொழுத்த காவடிப்புழு ஒன்று முதுகை வளைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. அதை லத்தியால் தட்டப் போனார்.

“அடிக்காதீங்க சார், நசுங்கி எலையெல்லாம் ஆயிடும்” என்று கமலவேணி விரலை நீட்டி அதை ஏற்றிக்கொண்டாள்.

இலை எஸ்.ஐ. கையில் இருந்தது. அவர் ஆண்டவரைப் பார்த்தார். ஆண்டவர் வாயைப் பொத்திக்கொண்டு, தன் நாக்குக்கு இனி நாலு நாளைக்கு எந்த ருசியும் தெரியாது என்று சாடை காட்டினார். ஊர் மொத்தமும் எஸ்.ஐ.யைப் பார்த்தது. புழு கடித்த விளிம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, அவர் மீதியை வாயில் வைத்தார்.

மென்றார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. கன்னம் உள்ளே போனது. நாக்கு மேலண்ணத்தில் சப்பென்று தட்டியது பின்வரிசை வரைக்கும் கேட்டது.

“புளிக்குதுங்களா சார்?” என்று அல்தாப்தான் கேட்டான்.

எஸ்.ஐ. எச்சிலை விழுங்கிக்கொண்டார். போனை எடுத்து, ஆள் வேண்டாம் என்றார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, இதைத் துவையல் அரைப்பார்களா, வதக்குவார்களா என்று விசாரித்தார். ஒரு கட்டு கிடைக்குமா என்றும் கேட்டார்.

“இன்னைக்கு யாருக்கும் கெடையாதுங்க சார். இப்பத்தான் மருந்து அடிச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை கோயில்கிட்ட வாங்க, அலசித் தரேன்” என்றாள் கமலவேணி. சனிக்கிழமைதானே ப்ளைட், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அல்தாப்புக்கும் சொல்லியனுப்பினாள். ஆண்டவர் மட்டும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கூட்டம் கலைந்தது. அவள் விரலில் புழு இன்னும் இருந்தது. தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் தேடியது. அதன் கடைசி இலையைச் சர்க்கார் சாப்பிட்டுவிட்டது. சாயங்காலம் கோழிகளை அவிழ்த்துவிடுகிற முறை. மற்றவை எப்படியோ போகட்டும், இதை அப்படி விட அவளுக்கு மனசு வரவில்லை.

வரப்பைத் தாண்டிப் போய், குருமூர்த்தியின் மக்காச்சோளத்தை ஒட்டி முளைத்திருந்த துத்திச் செடியில் அதை இறக்கி விட்டாள்.

“இங்க இருந்துக்குங்க சித்தப்பா” என்றாள். “உள்ளாற மட்டும் போயிடாதீங்க. அங்க ட்ரோன்ல பரிமாறுறாங்க.”