நியூட்ரலில் இறங்கிய வண்டி

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், லேத் பட்டறை, மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை என்று எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. இப்போது ஆக்டிங் டிரைவர். அடுத்தவர் வண்டியை ஓட்டிய அத்தனை நாளும் பின்சீட்டிலிருந்து கேட்டது ஒரே பேச்சு: "மெதுவாப் போங்க." ஒரு தடவையாவது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. கோவைக்கு வெளியே உள்ள ரேஸ் டிராக்கில், ஒரு ஞாயிறன்று அவரவர் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்றார்கள். பேர் கொடுத்துவிட்டேன்.

என்னிடம் ஏது வண்டி? பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்யும் அக்காவின் கணவரிடம், ஏழு பேர் போகிற டீசல் வண்டி ஒன்று இருந்தது. கேட்டதும் மச்சான் சாவியைக் கொடுத்துவிட்டார்.

கொப்பரை காயும் களத்திலேயே மூன்று நாள் வேலை. பின்னால் இருந்த இரண்டு வரிசை சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, மேல் கேரியர் எல்லாவற்றையும் எடை குறையட்டும் என்று கழற்றினேன். துருப்பிடித்த ஒரு போல்ட் புறங்கைத் தோலை உரித்துக்கொண்டுதான் வந்தது. எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால், மூன்று மூட்டை கொப்பரை அளவுதான் குறைந்திருந்தது. இனிக் கனத்தைக் குறைக்க வழியில்லை. அந்தக் கனத்தைப் பிடித்து நிறுத்தவாவது வேண்டும். புது பிரேக் பேட் மாட்டி, பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை களத்துக்கு வந்த அக்கா, வெறும் தகரமாய்க் கிடந்த வண்டியைப் பார்த்து முகம் மாறினாள். தைரியம் சொல்வதாக நினைத்து வாயைக் கொடுத்தேன்.

"பயப்படாதீங்கக்கா, பிரேக்கெல்லாம் புதுசு."

"புதுசா? அப்ப மொதல்ல குலதெய்வத்துக்குப் போயிட்டு வந்தரோணும்."

"ஞாயித்துக்கெழமை முடியட்டுங்கக்கா."

"சாமிகிட்டக் காட்டாத பிரேக்க மிதிச்சு உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, நான் யாரைப் போய்க் கேக்கறது கண்ணு?"

சனிக்கிழமை காலை, கழற்றிய சீட்டையெல்லாம் நானே திரும்ப மாட்டினேன். உடுமலைப்பேட்டை தாண்டி, மலை மேல் கோயில். ஏழு பேர், பொங்கல் பானை, ஒரு சாக்குத் தேங்காய். மச்சானே ஓட்டினார்; எனக்கு இடமில்லை.

சாயங்காலம் வண்டி களத்துக்குள் திரும்பும் முன்பே தீய்ந்த வாடை வந்துவிட்டது. சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. மச்சான் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"மலை எறங்கறப்ப முச்சூடும் நியூட்ரல்தானுங்க மாப்பிள்ளை. சொட்டு டீசல் செலவில்லீங்க."

"அப்ப வண்டிய எது புடிச்சுதுங்க மச்சான்?"

"பிரேக்குதானுங்க! நல்லா மாட்டியிருக்கீங்க. வெச்ச கால எடுக்கவே இல்லீங்க."

சாமி கும்பிட்டு வந்த மனிதரிடம் என்ன கத்துவது? பிரேக் பேடுகளைக் கழற்றினால் கண்ணாடி மாதிரி பளபளத்தன; அப்படியிருந்தால் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கொதித்துப்போன ஆயிலை மாற்றக் கையில் ஒரு சொட்டு இல்லை, கடையும் சாத்தியாயிற்று. சீட்டை மறுபடி கழற்றினேன்.

டிராக்கில் சோதித்தவர் பெடலை மிதித்துப் பார்த்துத் தலையாட்டினார். ஆறிய வண்டியில் பெடல் நன்றாகத்தான் இருக்கும்; மறுபடி சூடேறும்போதுதான் கொதித்த ஆயில் கைவிடும். முதல் சுற்று நிதானமாகப் போனேன். இரண்டாவதில், நேர்ப்பாதையில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தேன். ஒரே ஒரு தடவை. வளைவு வந்ததும் பிரேக்கை மிதித்தால், பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. திரும்பத் திரும்பக் குத்தி மிதித்து, கியரைக் குறைத்து, ஓரத்து மண்ணில் இறங்கித்தான் நின்றேன்.

கொடி பிடித்திருந்தவர் ஓடி வந்தார். "ஏனுங்க, கல்யாணத்துக்கு ஆளெறக்கீட்டு அப்படியே வந்துட்டீங்களா? போதுமுங்க, ஓரங்கட்டீருங்க."

பிரேக் ஆறும் வரை காத்திருந்து, இரண்டாவது கியரிலேயே பொள்ளாச்சி வந்து சேர்ந்தேன். அக்கா வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"பாத்தியா, ஒரு கீறல் இல்லை. சாமிகிட்டக் காட்டுனது வீண் போகலை."

மச்சான் திங்கட்கிழமைக்கு வண்டி வேண்டுமென்றார், ஏழு சீட்டோடு. ஸ்பேனரை எடுத்தேன். முதலில் வண்டியிலிருந்து சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பிரேக் ஆயில் மாற்றாமல் சீட் கிடையாது.