ரத்தம் கொடுத்த கையோடு குரங்கணிக்கு

மதுரையில் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடித்து எனக்கு ஒன்றரை வருடம் ஆகிறது. அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை; எண் ஏறினால் நோய் திரும்புகிறதோ என்று பயம். போன முறை 0.6-லிருந்து 1.1-க்கு ஏறியிருந்தது. “சிலருக்கு இப்படி ஏறி இறங்கும், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்” என்றார் டாக்டர். அந்த மூன்று மாதமும் நானும் மனைவி செல்வராணியும் சரியாகத் தூங்கவில்லை.

போன மாதம் போடியில் எங்கள் தெரு லேபில் காலை ஏழரைக்கு ரத்தம் கொடுத்தேன். முடிவு மாலைக்குள் போனில் வரும் என்றார்கள். வீட்டுக்கு வந்து போனையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

“கெளம்புங்க, குரங்கணிக்குப் போவோம். அங்க டவர் கிடைக்காது” என்றாள் செல்வராணி. போவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

மலையடிவாரக் கிராமம், பதினாறு கிலோமீட்டர்தான், பஸ் உண்டு. ஆனால் கதிர்வீச்சுக்குப் பிறகு என் சிறுநீர்ப்பை பஸ் நிறுத்தங்களை மதிப்பதில்லை. போக வர ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசி ஜீப் பிடித்தோம். டிரைவர் முருகேசனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

“தம்பி, நான் சொன்னா வெரசா நிறுத்திரணும்.”

“அதுக்கென்னண்ணே, எங்க வேணாலும் நிறுத்திக்கிருவோம்.”

மூன்றாவது முறை நிறுத்தியபோது அவரும் இறங்கினார். நான் முடித்துத் திரும்பியும் அவர் மாந்தோப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

“என்ன தம்பி, இம்புட்டு நேரம்?”

“இப்பல்லாம் இப்படித்தாண்ணே. ராத்திரி நாலஞ்சு வாட்டி எந்திரிக்கிறேன். வயசாகுதுல்ல?”

எனக்கும் இப்படித்தான் தொடங்கியது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “எல்லாருக்கும் புத்துநோயாவா இருக்கப்போகுது? பாத்துட்டா நிம்மதி” என்றாள் செல்வராணி.

குரங்கணியில் ஓடையில் கால் நனைத்தோம். கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சோற்றை மூவரும் சாப்பிட்டோம். மலைக்காற்றில் ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மூன்று மணிக்கு இறங்கினோம். முந்தல் பக்கம் வந்து டவர் கிடைத்ததும் போன் சிணுங்கியது. நான் பார்க்காமலே செல்வராணியிடம் நீட்டினேன். முருகேசன் சொல்லாமலே ஓரங்கட்டினார்.

“புள்ளி அஞ்சு” என்றாள்.

“ஒண்ணு புள்ளி அஞ்சா?”

“இல்லைங்க! சைபர் புள்ளி அஞ்சு!”

முருகேசன் திரும்பினார். “நல்லதாண்ணே?”

“எறங்கிருச்சு தம்பி!”

அவர் அடித்த ஹாரனில் சாலைச்சுவரில் இருந்த குரங்குகள் எல்லாம் சிதறின. செல்வராணி அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் டாக்டர் போனில், “இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்” என்றார். அடுத்த வாரம் முருகேசனும் டாக்டரைப் பார்த்திருக்கிறார். வெறும் புராஸ்டேட் வீக்கம்தானாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் கொடுங்கள், அப்போதுதான் எண்களை ஒப்பிட முடியும். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. இரண்டு நாள் முன்பிருந்தே சைக்கிள் ஓட்டாதீர்கள், அதுவும் எண்ணை ஏற்றலாம். குரங்கணிக்கு மேலே நடக்க நினைத்தால் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். முடிவுக்காகக் காத்திருக்கும் நாளில் மட்டும் வீட்டில் உட்காராதீர்கள். எண் மாறப்போவதில்லை, பகலாவது மிஞ்சும்.

எங்களுக்கு அடுத்த பரிசோதனை மார்கழியில். காப்பிப் பழம் சிவந்து நிற்கும் நேரம். ஜீப்புக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டோம்.