நாற்காலிகளுக்கு எண்ணெய்க் குளியல்

ஆண்டிறுதி மழை தொடங்கினால் எங்கள் கிளேபாங் வீட்டு வாசலில் கிடக்கும் நான்கு இரும்பு நாற்காலிகளைப் பற்றித்தான் அப்பாவுக்குக் கவலை. மழையும் கடற்காற்றும் சேர்ந்தால் துரு தின்றுவிடுமாம். உப்புத்தாளால் தேய்த்து அன்றைக்கே சாயம் பூசிவிட வேண்டும், தேய்த்த இரும்பை வெறுமனே விட்டால் விடிவதற்குள் சிவந்துவிடும் என்பது அவருடைய வேதம்.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு மாப்பிள்ளைகளைப் படத்திலேயே வேண்டாமென்று தள்ளியவள், மூன்றாமவரை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இறங்கி வந்திருந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணம் என்றால் பட்டுப் பாவாடை அல்லவா!

சனிக்கிழமை நாற்காலிகளைத் தேய்க்கும் வேலை என்னிடம் வந்தது. தேய்த்து முடித்துச் சாய டின்னைத் திறந்தால் உள்ளே கல்லாய்க் கிடந்தது. அப்பாவோ வேலைக்குப் போயிருந்தார். வெள்ளிதோறும் அம்மா என் தலையில் அப்பும் நல்லெண்ணெய் நினைவுக்கு வந்தது. நான்கு நாற்காலிகளையும் தாராளமாகக் குளிப்பாட்டினேன். அம்மா பிறகு சீயக்காய் தேய்த்து அலசுவாள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

மறுநாள் கூடம் நிறைந்துவிட்டது. கூச்சப்பட்ட மாப்பிள்ளை வாசலுக்கு வந்து, சந்தன நிறக் காற்சட்டையோடு அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார். எண்ணெயும் துருத்தூளும் குழைந்திருந்த நாற்காலி. என்னால் கல்யாணமே நின்றுவிடும் என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் இருக்கையைத் தடவி விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீயா தங்கச்சி எண்ண போட்ட?”

“துரு பிடிக்கக்கூடாதுன்னுதான்ணே. அப்பாகிட்ட சொல்லிறாதீங்க.”

“நல்ல யோசனதான் லா. தொடச்சிருக்கணும்.”

அக்கா டீயோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவும் பின்னால் வந்தார். மாப்பிள்ளை கோப்பையை வாங்கி, ஒரு வாய் குடித்து, மீதியை நிதானமாகத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

“என் கைதான் தவறிருச்சி அங்கிள்.”

அப்பா பதறிப்போய் அவரை உள்ளே அழைத்துச் சென்று தம் கைலியைக் கொடுத்தார். பெண் பார்க்க வந்தவர் கட்டம்போட்ட கைலியோடு பெரியவர்கள் நடுவே உட்கார்ந்திருந்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அவர்கள் கார் கிளம்பியதும் அக்கா சம்மதம் என்றாள். அம்மாவால் நம்ப முடியவில்லை.

“அப்படி என்னத்தடி கண்ட அவர்கிட்ட?”

“டீய நல்லா கொட்டுறாரும்மா.”

பட்டுப் பாவாடை கிடைத்துவிட்டது. ஆனாலும், ஒரு கோப்பையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவரைப் போய் அக்கா கட்டிக்கொண்டாளே என்று வெகுநாள் அவளுக்காகக் கவலைப்பட்டேன்.