செவலைக்குப் போட்ட ரொட்டி

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் ஒரே மாதத்தில் இரண்டு காளைக்கன்றுகள் பிறந்தன. ஒன்று மாட்டு டாக்டர் வந்து சினை ஊசி போட்டுப் பிறந்த கலப்புக்கன்று. கறுப்பும் வெள்ளையுமாக, பிறக்கும்போதே நெடுங்கால். மற்றது, எங்கள் நாட்டுப்பசு மேயப்போன இடத்தில் தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு ஈன்ற செவலை. இரண்டுக்கும் ஒரே புல், ஒரே தவிடு. ஒன்றரை வயதில் ஊசிக்கன்று அப்பாவின் நெஞ்சுக்கு வந்துவிட்டது. செவலை அதற்குத் தம்பி போல நின்றது.

"ரெண்டுக்கும் புல்லு வெட்டி மாளல. ஏவாரி வந்தா ஒண்ணைக் குடுத்துருவோம்" என்றார் அப்பா.

எதை என்று அவர் சொல்லவில்லை. வளராததைத்தான் தள்ளிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கோ செவலை என்றால் உயிர். வயிறு நிறையாததால்தான் அது குள்ளமாக இருக்கிறது என்பது என் கண்டுபிடிப்பு. எனக்கு அப்போது எட்டு வயது.

அன்றிலிருந்து என் காலை ரொட்டியில் பாதி செவலைக்குப் போனது. அம்மா கொழுந்தெடுக்கப் போனதும் ஊசிக்கன்றின் தவிட்டிலும் கைவைத்தேன். மூன்று மாதத்தில் செவலை ஒரு விரல்கூட உயரவில்லை. ஆனால் முதுகு பலகையாக அகன்று, தோல் மினுமினுத்தது. பிழைக்க வைத்துவிட்டேன் என்று பூரித்துப்போனேன்.

வியாபாரி வந்தார். ஊசிக்கன்றின் விலாவைத் தடவினார். செவலையின் வாலடியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, அப்பாவைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். அது என்னவென்று அப்பா எனக்குச் சொல்லப் பத்து வருஷமானது: "ஊசிக்கன்னு இன்னும் எலும்பாத்தாங்க வளருது, சதை வைக்க நாளாகும். இது நாட்டு ரத்தம், வளத்தி நின்னுருச்சு. தின்னதெல்லாம் கறியா சேந்துருக்கு. இதையே குடுங்க."

அன்றைக்கு என்னிடம் அப்பா, "மொனராகலைப் பக்கம் பெரிய புல்லுவெளி இருக்காம். செவலை அங்க மேயப் போகுது" என்றார். அழுதேன், ஆனால் நம்பினேன். லொறி கிளம்புமுன் ஓடிப்போய், அது தவிடு தின்னும் அலுமினியச் சட்டியை எடுத்துவந்து வியாபாரியிடம் நீட்டினேன்.

"மாமா, இதுலதான் திங்கும். காலையில பாதி ரொட்டி போடுங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "சரி பாப்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு கோப்பை உடைந்தாலும் ஒரு வாரம் திட்டித் தீர்க்கிறவள் அம்மா. நல்ல சட்டி ஒன்று லொறியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு, ஏன் திட்டாமல் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.