கோவில் கதவைப் பிடித்த மெற்றில்டா சித்தி

2007 தவக்காலம் தொடங்கிய கையோடு ஜெர்மனியில் மெற்றில்டா சித்தியின் அகதி வழக்கு தோற்றுப்போனது. இலங்கையில் சண்டை மறுபடி மூண்டிருந்தது. மன்னாரில் சித்தப்பாவைச் சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் சித்தியையும் ஐந்து வயது நிலானியையும் திருப்பி அனுப்பப் போகிறார்கள். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் செபமாலையை எடுப்பேன், பாதியில் வைத்துவிடுவேன். கடவுள் கேட்கிறார் என்ற நினைப்பே விட்டுப்போயிருந்தது.

அப்போது நான் ஹனோவரில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவின் மத்திய காலம் என்றால் எனக்குப் பைத்தியம். கேட்டவருக்கும் சொல்வேன், கேளாதவருக்கும் சொல்வேன். அந்தக் காலத்துக் குடியானவன் பிரபுவின் நிலத்தோடு கட்டப்பட்டவன். அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது, கலியாணம் கட்ட முடியாது. விளைச்சலில் பிரபுவுக்கு ஒரு பங்கு, கோவிலுக்கு ஒரு பங்கு. எழும்புவதும் வேலையை விடுவதும் கோவில் மணிப்படி. சில ஊர்களில் திருச்சபையின் ஆயரே பிரபு; அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுமை தாங்காமல் ஓடியவனுக்கு ஓர் இடம் இருந்தது. கோவில் கதவின் வளையத்தைப் பிடித்துவிட்டால், துரத்தி வந்தவன் அவனைத் தொடக்கூடாது. இதை இருண்ட காலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் சிறு நகரத்துக் கோவிலும் அந்தக் காலத்தது. கதவில் ஒரு சிங்க முகம், அதன் வாயில் வெண்கல வளையம். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் இந்தக் கதையைச் சித்திக்குச் சொன்னேன். அவர் நிலானியின் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது என்றே நான் நினைக்கவில்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அம்மா போன் எடுத்தார். "பொலிஸ் சித்தியின்ரை அறைக்கு வந்திட்டுதாம் பிள்ளை. அவ கடைக்குப் போன நேரம். இப்ப எங்கை எண்டு தெரியேல்லை."

உடனே ஊருக்கு ரயில் ஏறினேன். ரயிலில் நின்றபடியே செபித்தேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "மாதாவே, அவவைப் பிடிக்க விடாதேங்கோ." அவ்வளவுதான்.

இறங்கி வீட்டை நோக்கி ஓடினேன்; வழியில்தான் கோவில். கோவில் வாசலில் சித்தி நின்றார். இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்திருந்தார். நிலானி அவருடைய கோட்டைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர்.

"சித்தி, என்ன செய்யிறீங்கள்?"

"நீதானே பிள்ளை சொன்னனீ, இதைப் பிடிச்சால் ராசாவின்ரை ஆளும் தொட ஏலாது எண்டு."

"அது எண்ணூறு வருசத்துக்கு முந்தி, சித்தி."

"வளையம் இன்னும் இருக்குத்தானே."

அந்தச் சட்டம் எப்போதோ போய்விட்டது. எனக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் பொலிஸ்காரர் பக்கம் திரும்பி, குடியானவர், பிரபு, அடைக்கலம் என்று ஜெர்மனில் கொட்டித் தீர்த்தேன். மூத்தவர் பொறுமையாகக் கேட்டார். "பாடத்தைப் பிறகு நடத்துங்கள். முதலில் அவரைக் கையை எடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

சிலுவைப்பாதைச் செபத்துக்கு ஆட்கள் வரும் நேரம் அது. பாடகர் குழுவில் இருக்கும் குரூஸ அம்மையார் முதல் ஆளாக வந்தார். பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சித்தியின் கைமேல் தன் கையை வைத்தார். பிறகு இன்னொருவர். பிறகு அவருடைய கணவர். வளையத்தில் இடம் இல்லாமல் போனது. இளைய பொலிஸ்காரர் மூத்தவரைப் பார்த்தார்.

அந்த நேரம் பங்குத்தந்தை உள்ளிருந்து கதவைத் திறந்தார். அது உள்நோக்கித் திறக்கும் கதவு. வளையத்தை விடாமல் பிடித்திருந்த சித்தியும் அவரைப் பிடித்திருந்தவர்களும் கதவோடு உள்ளே போனார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூத்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார். "மேலிடத்தைக் கேட்க வேண்டும்" என்றார். சட்டப்படி அவர் உள்ளே வந்திருக்கலாம். வரவில்லை. ரயிலில் நான் கேட்டது இதைத்தான்.

பங்குச் சபை அன்றே கூடி, பங்குத்தந்தை வசிக்கும் குருமனையில் ஓர் அறை கொடுத்தது. கோடை முழுவதும் சித்தி வெளியே காலடி வைக்கவில்லை. ஊர் ஆட்கள் முறைவைத்துச் சாமான் வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குள் அதிகாரிகள் வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுத்தார்கள். கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு முன்பே விசா வந்தது. இன்று சித்தி முதியோரைப் பராமரிக்கும் ஆஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, படிக்கிறார். நிலானி என்னைவிட வேகமாக ஜெர்மன் கதைக்கிறாள், அதைச் சொல்லியும் காட்டுகிறாள்.

என் சித்தியை நினைத்தால் எனக்குப் பெருமை. என் திருச்சபையை நினைத்தாலும் பெருமை. நான் புத்தகத்தில் படித்து ரசித்ததைச் சித்தி விசுவசித்தார். இப்போது நான் செபமாலையைப் பாதியில் வைப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் வழியெல்லாம் அடைபட்டிருக்கலாம். நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வருகிறதைச் சொல்லிக் கேளுங்கள். குருமனை அறையில் இப்போது ஈராக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. சித்திதான் சமைத்துக் கொண்டுபோகிறார், உறைப்பைப் பாதியாகக் குறைத்து. அவர்களின் வழக்கு இன்னும் முடியவில்லை. இன்றிரவு அவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள்.